வெந்நீர்க் கொள்கலனும் கொதிகலன் சட்டத்தின் எல்லையும்

எது கொதிகலன், எது கொதிகலன் அன்று என்பதை இந்தியச் சட்டம் மூன்று எண்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தம். 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மட்டும் சூடாக்கப்படும் நீர். இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் அக்கலம் சட்டத்தின் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. 1923ஆம் ஆண்டின் சட்டத்துக்கு 2007இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்விலக்குகளைக் கொண்டுவந்தது. அதன் இடத்தைப் பிடித்துள்ள 2025ஆம் ஆண்டின் சட்டமும் அவற்றையே தொடர்கிறது. சட்டத்தின் நோக்கம் நீராவி உற்பத்தி. வீட்டுக் கீசரோ நீராவிக்காக அமைந்ததன்று. ஆகவே அது விலக்கப்பட்டதில் சொல்முறைப்படி எந்தப் பிழையும் இல்லை. ஆயினும் மூன்றாம் எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு கலத்திலுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதற்கு யார் உறுதி? கட்டைவிரல் பருமனுள்ள ஒரு தெர்மோஸ்டாட். சட்டம் ஆபத்தற்றது என்று ஒதுக்கிவைத்த நிலை, அச்சிறு கருவி பழுதாகாமல் இருக்கும் வரைதான் நீடிக்கிறது.

இவ்வினாவைத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வைத்துப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிதான நகரம் இது. வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு இங்கே எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஐரோப்பிய வீடுகளில் சுவரோரம் நிற்கும் வெப்பத் தகடுகளை இவ்வூரார் திரைப்படத்தில்தான் கண்டிருப்பர். ஆனால் வெந்நீர் இங்கே தட்பவெப்பத்தின் தேவையன்று, வாழ்முறையின் தேவை. பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரத் தெருக்களில் விடியற்குளியல் வழக்கம் முதியோரிடம் இன்னும் மாறவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்போருக்கும் கர்க்கடக மாதச் சிகிச்சை கொள்வோருக்கும் வெந்நீர் வேண்டும். கோயிலுக்கு வரும் யாத்திரிகர் தங்கும் விடுதிகளில் 'வெந்நீர் உண்டு' என்பது ஒரு விளம்பர வாசகம். ஆக, வெந்நீரைச் சேமித்துவைக்கும் கலங்கள் இப்பகுதியில் வீட்டுக்கு வீடு, சில இடங்களில் அறைக்கு அறை இருக்கின்றன.

முன்பும் இருந்தன. அக்கிரகாரத்துப் பின்கட்டில் நின்ற செம்புப் பாய்லரை ஒரு தலைமுறைக்கு முன்புவரை அறியாதவர் இல்லை. நடுவே ஒரு குழல்; அதில் கரியோ சிரட்டையோ எரியும். குழலைச் சூழ்ந்து நீர் நிற்கும். அடியில் ஒரு பித்தளைக் குழாய், மேலே தளர்வாகக் கவிழ்த்த மூடி. அடுப்பை அணைக்க மறந்தால் நீர் கொதிக்கும், மூடி தடதடக்கும், நீராவி கொல்லைப்புறம் போய்ச்சேரும், அவ்வளவுதான். அந்த மூடியைப் பாதுகாப்புக் கருவி என்று எவரும் அழைத்ததில்லை. உண்மையில் அதைவிடச் சிறந்த பாதுகாப்புக் கருவியை எந்தத் தரநிலையும் இதுவரை வகுத்ததில்லை. அடைபடாது, துருப்பிடிக்காது, அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டியதுமில்லை. சுடுநீரால் தோல் வெந்தோர் அன்றும் இருந்தனர். புகையால் கண் கெட்டோரும் இருந்தனர். அக்காலத்தை மீட்டெடுக்க வேண்டும் என்பது இங்கே வாதமன்று. திறந்த கலம் மூடிய கலமானபோது, மூடி செய்துவந்த வேலையை எதனிடம் ஒப்படைத்தோம் என்பதே வினா.

கீசர் முதலில் வந்தபோது அவ்வேலையை மாடித் தொட்டி ஏற்றுக்கொண்டது. இதைப் பலர் உணர்வதில்லை. நீர் சூடாகும்போது விரியும். 25 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ அரை லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். எஃகுக் கலம் நெகிழ்ந்து கொடுக்காது. அந்த அரை லிட்டர் குளிர்நீர்க் குழாய் வழியே பின்னோக்கி ஏறி மாடித் தொட்டிக்குள் சென்றுவிடும். தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கலத்தின் மீதுள்ள அழுத்தம் 0.3 பார் மட்டுமே. கட்டியவர் திட்டமிட்டுச் செய்ததோ இல்லையோ, பழைய இரண்டடுக்கு வீடுகளில் கீசர் என்பது மொட்டைமாடிவரை நீண்ட ஒரு திறந்த பாத்திரமாகவே இருந்தது.

அந்தப் பாதை இப்போது அடைபடுகிறது. மழைபோல் கொட்டும் ஷவருக்கு நீரோட்டம் வேண்டும் என்பதற்காக வீடுகளில் பிரஷர் பம்ப் வைக்கின்றனர். அதனோடு பின்னோட்டத்தைத் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வும் வருகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் தொட்டியின் உயரமே 10 மீட்டரைத் தாண்டி, அழுத்தம் 1 பாரைக் கடந்துவிடுகிறது. கீசரோடு தரப்படும் பன்முக வால்விலும் பின்னோட்டத் தடை உண்டு. இவற்றுள் எதுவும் தவறன்று. சுடுநீர் குளிர்நீர்க் குழாயில் கலக்காமலிருக்க அத்தடை தேவைதான். ஆனால் அது பொருத்தப்பட்ட கணத்தில் கலம் மூடிய கலமாகிவிடுகிறது. அந்த அரை லிட்டர் வெளியேற ஒரே வழி, அதே வால்வில் அழுத்தத்தை விடுவிக்கும் சிறு துளை. அத்துளை சொட்டும், சொட்டவும் வேண்டும். சொட்டுவதைக் கசிவு என்று கருதி அதை அடைத்துவிடும் வழக்கம் வீட்டாரிடமும் உண்டு, குழாய் வேலைக்காரரிடமும் உண்டு. புதிதாக ஒட்டிய டைல்ஸில் கறை படிகிறது என்பது காரணமாகச் சொல்லப்படும். சுவர்க் கறையை நீக்குவதற்காகக் கலத்தின் மூச்சை அடைப்பது என்ன கணக்கு என்று கேட்பார் இல்லை.

மூச்சடைத்த கலத்தில் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. 2 கிலோவாட் மின்சூடாக்கி 25 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 65 நிமிடம் போதும். திறந்த பாத்திரமெனில் கதை அங்கே முடிந்துவிடும். மூடிய கலத்தில் நீர் கொதிக்காமலே மேலும் சூடாகும். வளிமண்டல அழுத்தத்தின் 7 மடங்கில் நீரின் கொதிநிலை 165 டிகிரி. இரவு சுவிட்சை அணைக்க மறந்து இரண்டு மணி நேரம் கழிந்தால் அதை எட்டிவிடலாம். அந்நிலையில் கலத்தின் தையல் பிரிந்தால் அழுத்தம் நொடிக்குள் விழும். நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ, உடனே நீராவியாகும். அதன் கனஅளவு 5,000 லிட்டருக்கு மேல். ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையின் மொத்தக் கனஅளவே 8,000 லிட்டருக்குக் குறைவு. சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகளில் அந்தக் குளியலறையின் மறுபக்கம் அடுத்த வீட்டாரின் அறையாக இருக்கும்.

இவ்வாறு நேர்வது அரிது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தெர்மோஸ்டாட், வெப்பம் மிகுந்தால் மின்னைத் துண்டிக்கும் கட்-அவுட், அழுத்த வால்வு, சில கலங்களில் சூட்டில் உருகி வழிவிடும் ஃபியூசிபிள் பிளக் ஆகிய அனைத்தும் ஒருசேரத் தவறினால்தான் கலம் வெடிக்கும். அதைவிடப் பன்மடங்கு அடிக்கடி நேர்பவை வேறு இரண்டு: மின்தாக்கும் சுடுநீர்க் காயமும். ஆனால் மூன்றின் வேரும் ஒன்றே. பொருள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது சரியாக இருக்கிறது. சுவரில் ஏறும்போதும் ஏறிய பிறகும் அதைப் பார்ப்பவர் எவரும் இல்லை.

தொழிற்சாலைவரையிலான ஏற்பாடு இந்தியாவில் குறைசொல்லத்தக்கதன்று. சேமிப்புவகை மின் கீசர்களுக்கு ஐ.எஸ். 2082 என்ற தரநிலை உண்டு. அது பலமுறை திருத்தப்பட்டு 2018இல் புதிய வடிவம் பெற்றது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி விற்கக் கூடாது என்பது ஆணை. மின்திறன் பணியகத்தின் நட்சத்திரச் சீட்டும் கட்டாயம். அந்த நட்சத்திரங்கள் எதை அளக்கின்றன என்பதைச் சாலைக் கடைத்தெருவில் கீசர் வாங்குவோரிடம் கேட்டால் பெரும்பாலோர் பொதுவாகத் 'தரம்' என்றே கூறுவர். அவை அளப்பது சும்மா நிற்கும் கலத்திலிருந்து ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதை மட்டுமே. ஐந்து நட்சத்திரம் பெற்ற கீசரை எர்த் இல்லாத பிளக்கில் செருகலாம். நட்சத்திரம் ஒன்றும் குறையாது.

வீட்டுக்கு மின்னிணைப்புப் பெறும்போது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். மத்திய மின் ஆணையத்தின் 2010, 2023ஆம் ஆண்டு விதிகள் மின்கசிவுக் காப்புக் கருவியை வலியுறுத்துகின்றன. ஆனால் அச்சான்று பிறந்தபோது அவ்வீட்டில் கீசரே இருந்திருக்காது. கோட்டைக்குள்ளிருக்கும் பழைய வீடுகளில் கிணற்றடியை ஒட்டிப் பிற்காலத்தில் எழுப்பிய குளியலறைக்கு, எங்கோ ஓர் அறையிலிருந்து நீட்டிய கம்பி வழியே மின்சாரம் வருவதுண்டு. கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பல இடங்களில் அமிலச் சார்புடையது. அது கலத்தைக் காக்கவென்றே உள்ளே வைத்த மெக்னீசியக் கம்பியை விரைவில் தின்றுவிடும், பிறகு கலத்தையும் சூடாக்கியின் உறையையும் அரிக்கும். தமிழ்நாட்டின் கடின நீர்ப் பகுதிகளில் அதே அழிவை உப்புப் படிவு வேறு வழியில் செய்கிறது. உறை அரித்துப்போனபின் குளிப்பவருக்கும் மின்சாரத்துக்கும் இடையே நிற்பது எர்த் கம்பியும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மட்டுமே. கோட்டைப் பகுதியில் தெருமுகப்பு மாறாதிருக்கப் பாரம்பரிய மண்டல விதிகள் உள்ளன. ஓடு மாற்ற வேண்டுமாயின் அனுமதியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஓட்டுக்குக் கீழே கீசர் மாட்ட எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சுடுநீர்க் காயத்தின் கதை இன்னும் எளியது. மோரிட்ஸ், ஹென்றிக்ஸ் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை: 60 டிகிரி நீர் தோலை ஆழமாக வேகவைக்கச் சில நொடிகளே போதும், 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல் வீட்டுக் கீசர்களை 49 டிகிரியில் அமைக்கச் சட்டம் இயற்றியதற்கு இவ்வறிவே காரணம். ஆனால் வெந்நீரைக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. 1976இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்ட லீஜியோனெல்லா நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் 20 முதல் 45 டிகிரிவரையுள்ள நீரில் வளர்வது. அதனால் நீரை 60 டிகிரியில் சேமித்து, குழாய்முனையில் குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைத்துத் தர வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நெறி. அதற்கென வெப்பநிலையை நிலைநிறுத்தும் கலப்பு வால்வு இருக்கிறது. இங்குள்ள வீடுகளில் அதைக் காண்பது அரிது. நீரைக் கலந்து பதம் பார்ப்பது கைதான். முதியவரின் கைக்கும் சர்க்கரை நோயால் உணர்விழந்த காலுக்கும் அந்தப் பதம் தெரியாது.

இங்கிலாந்து இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது; அங்குள்ள வீடுகளில் வெந்நீர்க் கலம் வீட்டைச் சூடாக்கும் அமைப்பின் பகுதி. நெடுங்காலம் அந்நாடு மூடிய கலத்தை ஏற்கவில்லை. பரணில் ஒரு திறந்த தொட்டி, அதற்கு ஏறும் ஒரு காற்றுக் குழாய் என்ற ஏற்பாடே வழக்கில் இருந்தது. நம் மாடித் தொட்டியின் நெருங்கிய உறவு எனலாம். 1985ஆம் ஆண்டின் கட்டட விதிகள் மூடிய கலங்களை அனுமதித்தபோது கடுமையான நிபந்தனைகளும் உடன்வந்தன. ஜி3 எனப்படும் அவ்விதியின் சாரம்: சேமித்த நீர் எக்காலத்தும் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. 15 லிட்டருக்கு மேற்பட்ட மூடிய கலத்தில் தெர்மோஸ்டாட்டை நம்பாமல், அதற்கு அப்பால் ஒன்றையொன்று சாராத இரு காப்புகள் வேண்டும்: தானாக மீண்டும் இயங்காத மின்துண்டிப்பான் ஒன்று, வெப்பம், அழுத்தம் இரண்டுக்கும் திறக்கும் வால்வு ஒன்று. அவ்வால்விலிருந்து வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெரியும்படி, எவர் மீதும் படாத இடத்தில் விழ வேண்டும். இவ்வமைப்பைப் பொருத்துபவர் அதற்குத் தகுதி பெற்றவராயிருக்க வேண்டும். இந்தியச் சட்டம் 100 டிகிரியைக் கடமையிலிருந்து விலக்கு தரும் கோடாகக் கொள்கிறது. ஆங்கில விதி அதே 100 டிகிரியைக் கடமையின் உள்ளடக்கமாகக் கொள்கிறது.

திறந்த அமைப்பு என்றால் கவலையற்று இருக்கலாம் என்பதற்கும் அதே நாட்டில் மறுப்பு இருக்கிறது. 2006இல் டாண்டன் நகரில் ஒரு வீட்டின் கீசர் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் காற்றுக் குழாய் வழியே பரணிலிருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் இடைவிடாது சென்றது. இளகிய தொட்டி சரிந்து, கொதிநீர் கீழே உறங்கிய கைக்குழந்தையின் மீது கொட்டியது, குழந்தை இறந்தது. வெடிப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. திருவனந்தபுரத்தின் மொட்டைமாடிகளில் நிற்கும் தொட்டிகளில் பெரும்பாலானவையும் பிளாஸ்டிக்கே.

இதற்கு எழும் மறுப்பு எதிர்பார்க்கத்தக்கது. ஆய்வாளர் படையை வீட்டுக்குள் அனுப்புவதா? கையூட்டுக்கு மேலும் ஒரு வாசல் திறப்பதா? இம்மறுப்பில் நியாயம் உண்டு. கொதிகலன் ஆய்வு முறையே 1863இல் கல்கத்தாவில் உயிர்கள் பறிபோன ஒரு வெடிப்புக்குப் பின், 1864ஆம் ஆண்டின் வங்காளச் சட்டத்தால் தோன்றியது. ஆலைக்கென வகுத்த முறையைக் குளியலறைக்குள் இழுத்துவருவது பொருந்தாது. தொழிற்சாலை-கொதிகலன் துறைக்கும் மின் ஆய்வுத் துறைக்கும் இந்நகரிலேயே தலைமையகங்கள் இருந்தும், ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்ட அவற்றால் இயலாது, இயலவும் வேண்டாம். ஆனால் ஆய்வாளர் அல்லது எவருமில்லை என்ற இரண்டே வழிகள்தாம் உள்ளன என்பது சோம்பலான எண்ணம். கீசர் வீட்டுக்கு வரும் நாளில் ஒருவர் அதைச் சுவரில் மாட்டத்தான் செய்கிறார். பெரும்பாலும் விற்ற நிறுவனமே அவரை அனுப்புகிறது. உத்தரவாதமும் அந்த நிறுவனத்துடையதே. மாட்டிய நாளில் எர்த் சோதிக்கப்பட்டதா, ஆர்.சி.சி.பி. உள்ளதா, வால்வின் சொட்டுக் குழாய் எங்கே விழுகிறது, குழாய்முனையில் நீரின் சூடு எவ்வளவு என்ற நான்கு விடைகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலன்றி உத்தரவாதம் தொடங்காது என்று தரக்கட்டுப்பாட்டு ஆணையில் ஒரு விதி சேர்த்தால் போதும். அரசுக்கு ஒரு புதிய பணியிடமும் தேவைப்படாது.

வாடகை வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே கீசரை வாங்கியவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். இந்நகருக்குப் படிக்க வந்து பேயிங் கெஸ்டாகத் தங்கும் மாணவருக்குத் தம் அறையின் கீசர் எந்த ஆண்டுடையது என்பதே தெரியாது. விடுதி உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புக் கருவி கேட்கப்படுகிறது; அதே தாளில் கீசர்களின் பராமரிப்பு நாளையும் கேட்பதில் மாநகராட்சிக்கு என்ன தடை இருக்க முடியும் என்பது விளங்கவில்லை. ஆண்டுக்கொருமுறை வால்வின் நெம்பைத் தூக்கி நீர் வருகிறதா என்று பார்ப்பதும், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துவதும், மெக்னீசியக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு முற்பகல் வேலை.

பல கீசர்களில் அந்தப் பன்முக வால்வு கலத்தோடு இணைந்து வருவதில்லை. கையேட்டோடு ஒரு சிறு பாலிதீன் பையில் பெட்டிக்குள் தனியே கிடக்கும். பொருத்த வருபவர் நேரமில்லை என்றோ, நீரோட்டம் குறையும் என்றோ அதைத் தொடாமல் விட்டுச் செல்வதுண்டு. பெட்டி மடித்துப் பரணில் போடப்படும். வால்வும் பையோடு அதற்குள்ளேயே இருக்கும்.